டயர்க்காரரின் சோப்பு ரோஜா

வலது கையின் நடு மூன்று விரல்களை மடக்கி, அவற்றின் முதுகை சோப்பு அச்சின் விலாவில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு பதினைந்து எண்ணுகிறார். பிறகு கண்ணைத் திறந்து, "நாப்பத்திரண்டு" என்கிறார். பக்கத்து நாற்காலியில் இருக்கும் மனைவி, துப்பாக்கி மாதிரி பிடித்து அழுத்துகிற வெப்பமானியை எடுத்துக் குறி பார்க்கிறார். நாற்பத்து மூன்று. "ஒரு டிகிரி ஏமாத்திட்டீங்க" என்கிறார். மனிதர் அந்த ஒரு டிகிரியை மனதில் ஏற்றிக்கொண்டு மறுபடியும் விரலை வைக்கிறார்.

தெருவில் அவருக்கு இன்னமும் டயர்க்காரர் என்றுதான் பெயர். தேய்ந்து மொட்டையாகிப்போன லாரி டயர்களுக்குப் புது ரப்பர் ஒட்டி, இரும்பு அறைக்குள் அடுக்கி, கதவைச் சாத்தி, ஆவியில் வேகவைத்து எடுக்கிற பட்டறையில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவர். ஆள் அப்படியொன்றும் உயரமில்லை. கை மட்டும் ஆளுக்குச் சம்பந்தமில்லாத அளவில் இருக்கும். வலது கட்டைவிரலைப் பார்த்தால் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும். புது ரப்பர் பழைய டயரோடு சேருகிற விளிம்பை அமுக்கி அமுக்கி, நுனி தட்டையாகி, நகம் தடித்து, கவிழ்த்து வைத்த ஸ்பூன் மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கையில்தான் இப்போது கேக் கடைக்காரர்கள் கிரீம் பிழிகிற பை இருக்கிறது. சோப்பின் உச்சியில் ரோஜா பிழிகிறார்.

ஆரம்பத்தில் அவர் பிழிந்த ரோஜாக்களை முட்டைக்கோசு என்றுதான் மனைவி சொன்னார். கூடத்தில் உட்கார்ந்தபடியே, "இன்னைக்கு எத்தனை முட்டைக்கோசு?" என்று குரல் கொடுப்பாராம். மனிதர் கோபித்துக்கொண்டதே இல்லை. "சரி" என்பார். அவருடைய பேச்சில் பாதி அந்த ஒரு வார்த்தைதான். சம்மதத்துக்கும் அதுதான், மறுப்புக்கும் அதுதான், தலையில் கல் விழுந்தாலும் அதுதான். எந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று பிரித்துச் சொல்ல உலகத்தில் ஒருவரால்தான் முடியும். அந்த ஒருவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, மடியில் நோட்டுப் புத்தகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

சோப்பு முதலில் அந்தம்மாளுடைய தொழில். தொழில் என்றுகூட ஆரம்பிக்கவில்லை. கல்யாணமான புதிதில் இவர் தொட்ட தம்ளரில்கூட ரப்பர் வாடை அடித்ததாம். கடையில் விற்கிற எந்த சோப்புக்கும் அது மசியவில்லை. நாலு பேரிடம் கேட்டு, இரண்டு முறை கையைப் பொசுக்கிக்கொண்டு, வீட்டிலேயே சோப்பு காய்ச்சாமல் செய்யக் கற்றுக்கொண்டார். வாடை போனதா என்றால், "பாதி போச்சு. மீதி பழகிப் போச்சு" என்பார்.

காய்ச்சாமல் செய்வது என்றால் அடுப்பே கிடையாது. காஸ்டிக் சோடாவைக் கரைத்து எண்ணெயில் ஊற்றிக் கலக்கினால், இரண்டும் தமக்குள் சண்டை போட்டு, தாமே சூடாகி, தாமே இறுகி, சோப்பாகிவிடும். அடுப்பில்லாத இடத்தில் எங்கிருந்து அவ்வளவு சூடு வந்தது என்று கேட்டால், டயர்க்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். "வெளிச் சூட்டைக் குறைச்சுக்கலாம். உள்ளுக்குள்ளேயே கிளம்புற சூடு இருக்கு பாருங்க, அதுதான் ஆளை அடிக்கும்." வெறும் சோப்புக்கு அந்தச் சூடு நல்லதுதான், துண்டைப் போட்டுப் போர்த்திக்கூட வைப்பார்கள். ஆனால் உச்சியில் பூ வைத்துவிட்டால் கதையே வேறு. நடுவில் சூடு ஏறினால் மேல்தட்டு பாளம் பாளமாக வெடிக்கும். பிழிந்த பூ வியர்த்து எண்ணெய் விடும், ஒரு பக்கமாகச் சாயும். தூவிய இதழ்கள் டீத்தூள் சக்கை மாதிரி கறுத்துவிடும். பாலோ தேனோ சேர்த்தால் கேட்கவே வேண்டாம், சோப்பு பொங்கி அச்சைவிட்டே எழுந்து வரும்.

பாலும் தேனும் பூவும் ஒரே சோப்பில் வேண்டும் என்று இந்த மனிதர் ஒற்றைக்காலில் நின்ற கதைதான் அவரை யாரென்று காட்டும்.

போன வருஷம் அந்தம்மாள் மேல் அலமாரியிலிருந்து எண்ணெய் டப்பாவை எடுக்க ஸ்டூலில் ஏறி, தவறி விழுந்து, இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். உடனே அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டியது. நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்து, அது இறங்கும்வரை தள்ளிப்போட வேண்டியதாயிற்று. மொத்தம் இருபத்து மூன்று நாள் ஆஸ்பத்திரி வாசம். பிழைத்து வந்தார், நடக்கிறார். ஆனால் நின்றபடி வேலை செய்ய முடியாது. அதனால் இவர் கையாகவும் அவர் வாயாகவும் தொழில் தொடர்ந்தது. பூ மட்டும் இவராகச் சேர்த்தது. யாரும் கேட்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் காலைக் காட்டப் போனபோது, அந்தம்மாள் படுத்திருந்த வார்டையே மூடப்போகிறார்கள் என்று தெரிந்தது. வேலை செய்கிறவர்களை ஆளுக்கொரு ஊராகப் பிரித்து அனுப்பப்போகிறார்கள், முப்பத்து மூன்று நாள்தான் இருக்கிறது. திரும்பி வந்து வீட்டுப் படி ஏறும்போது அந்தம்மாள்தான் பேச்சை ஆரம்பித்தார். வார்டைக் கவனித்துக்கொண்ட பெரிய சிஸ்டருடைய கை நினைவிருக்கிறதா என்று கேட்டார்.

"பொழுதன்னைக்கும் கை கழுவுற வேலைங்க. தொட்டா உப்புத்தாள் மாதிரி இருக்கும். விரல் முட்டியெல்லாம் வெடிச்சு, கோடு கோடா ரத்தம். அந்தக் கையாலதான் எனக்குத் தலை வாரி விட்டாங்க."

வெடித்த கைக்குப் பாலும் தேனும் போட்ட சோப்புதான் சரி, வார்டில் தன்னைப் பார்த்துக்கொண்ட பதினோரு பேருக்கும் ஆளுக்கொன்று கொடுக்க வேண்டும் என்றார். இவர், "உச்சியில ரோஜா வைக்கணும்" என்றார். பாலும் தேனும் போட்டால் சூடு தாங்காது, ரோஜா நிற்காது, ஏதாவது ஒன்றுதான் என்று மனைவி எடுத்துச் சொன்னார். "ரெண்டும் வேணும்" என்றார் டயர்க்காரர். 'சரி' என்று சொல்லியிருந்தால்கூட அந்தம்மாள் சமாளித்திருப்பார். இது புதிதாக இருந்தது.

கணக்கு எளிது. இப்படிச் செய்கிற சோப்பு நாலு வாரம் காற்றாட உலர்ந்தால்தான் கையில் போட முடியும். அவசரப்பட்டால் எரியும். முப்பத்து மூன்றில் இருபத்தெட்டு போனால் ஐந்து நாள். அதற்குள் சாமான் சேர்த்து, ஊற்றி, பூவும் வைத்தாக வேண்டும். ஒரு முறை தவறினால் இன்னொரு முறை கிடைக்கலாம். மூன்றாவது முறை கிடையாது.

மூன்றாம் நாள் காலையில் ஊற்றினார். நீளமான மரப்பெட்டி அச்சு, வெட்டினால் பன்னிரண்டு கட்டி வரும். ஊற்றிய கையோடு பன்னிரண்டு ரோஜாவைப் பிழிந்தார். முட்டைக்கோசு என்று யாரும் வாய் திறக்க முடியாத ரோஜாக்கள். அச்சின் விலாவில் மஞ்சள் மெழுகுக் குச்சியால், பட்டறையில் டயர் மேல் எழுதுகிற அதே கையெழுத்தில், மணியை எழுதினார். ஃப்ரிட்ஜில் இரண்டு தட்டைக் காலி செய்து உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்.

அரை மணி கழித்து, ஒரு தடவை திறந்து பார்க்கச் சொன்னார் மனைவி. இவர் திறக்கவில்லை. பட்டறையில் அது பெரிய குற்றம். இரும்பு அறையைச் சாத்திவிட்டால் நேரம் முடியும்வரை யாரும் கதவைத் தொடக் கூடாது. நடுவில் திறந்தால் உள்ளே இருக்கிற அத்தனை டயரும் பாழ். முப்பத்து நாலு வருஷம் அந்தக் கதவுக்குக் காவல் நின்றவர், ஃப்ரிட்ஜுக்கு முன்னாலும் ஒரு ஸ்டூலைப் போட்டுக் காவல் இருந்தார். மனைவி மறுபடியும் சொன்னார். "மூடினா மூடினதுதான்" என்றார் இவர்.

இரண்டு மணி நேரம் கழித்து ஃப்ரிட்ஜ் திறக்கிற சத்தம் கேட்டது. சாத்துகிற சத்தம் கேட்கவில்லை. கூடத்தில் இருந்த அந்தம்மாள் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து பார்த்தார். சுற்றிலும் குளிர் இருந்தும், அவ்வளவு பெரிய கட்டியின் நடு வயிற்றுச் சூடு வெளியேற வழியில்லாமல் மேலே வந்திருக்கிறது. தலையிலிருந்து கால்வரை ஒரே பிளவு. ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது ரோஜாக்கள் அதற்குள் விழுந்து கிடந்தன. மற்றவை எண்ணெயில் நனைந்து ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன. டயர்க்காரர், "சரி" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை. அந்தம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். போனால் போகட்டும், பூவில்லாமலே நாளைக்கு ஊற்றுவோம், கைக்குப் போடுகிற சாமானுக்குப் பூ எதற்கு என்று ஆறுதலாகத்தான் சொன்னார். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி அந்தம்மாள் கேட்டதே இல்லையாம்.

"உனக்குத் தெரியாது. மூணாவது நாளும் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டாங்கல்ல, அன்னைக்கு அந்தப் பெரிய சிஸ்டரை வராந்தாவுல நிக்க வச்சுக் கத்திட்டேன். உங்க வீட்டு மனுஷின்னா இப்படிப் போட்டு வைப்பீங்களான்னு கேட்டுட்டேன். அத்தனை பேரும் பார்த்தாங்க. சிஸ்டர் உள்ள போயி, அவங்களே ஒரு நாற்காலியை இழுத்துட்டு வந்து போட்டாங்க. உக்காருங்கய்யா, மூணு நாளா நின்னுட்டே இருக்கீங்கன்னாங்க."

அந்தம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இருபத்து மூன்று நாளும் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் வாயைத் திறக்காமல் இருந்த மனிதர், கதவுக்கு வெளியே தனக்காகக் கத்தியிருக்கிறார் என்பது அவருக்குப் புதுச் செய்தி. கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. வேறென்ன சொன்னார்கள் என்று கேட்டார்.

"காய்ச்சல் இறங்கட்டும், இறங்காம கத்தி வச்சா தாங்க மாட்டாங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்னாங்க. நாற்காலியில உக்காந்துட்டேன். வாய் வரல. மன்னிச்சுக்குங்கன்னும் சொல்லல, நல்லா இருங்கன்னும் சொல்லல. டிஸ்சார்ஜ் அன்னைக்குக்கூடச் சொல்லாம வந்துட்டேன்."

ரோஜா எதற்கு என்று அதன்பிறகு அந்தம்மாள் கேட்கவில்லை. தட்டை அவர் பக்கம் நீட்டிச் சொன்னார்.

"அந்த சிஸ்டர் சொன்னதைத்தான் இங்கேயும் செய்யணும். நாளைக்கு ஊத்துறதுக்கு முதல்ல காய்ச்சல் இறங்கட்டும். ரோஜாவை அதுக்கு மறுநாள் வைங்க."

டயர்க்காரர் திரும்பி மனைவியைப் பார்த்தார். பிறகு தட்டை வாங்கிச் சாப்பிட்டார்.

அன்று சாயங்காலமே பாலை ஐஸ் தட்டுகளில் ஊற்றி உறைய வைத்தார். மறுநாள் காலையில் ஜன்னல்களைத் திறந்து, கையுறை மாட்டி, அந்தப் பால் கட்டிகள்மேல் காஸ்டிக் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினார். பால் சூடேறிக் கருகாமல், லேசாக மஞ்சள் தட்டியதோடு கரைந்தது. தேனை மனைவி சொன்னதில் பாதியாகக் குறைத்தார். இந்த முறை மரப்பெட்டி இல்லை. பன்னிரண்டு குட்டி அச்சுகள், ஒன்றுக்கொன்று நாலு விரல் இடைவெளி, கீழே காற்றுப் போக ஒரு கம்பித் தட்டு, எதிரே மேசை விசிறி. கட்டி சின்னதானால் நடுவயிறு என்று ஒன்று இருக்காது என்பது அவர் கண்டுபிடிப்பு. அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்க்கும்.

கால் மணிக்கொரு தரம் விரலின் முதுகை வைத்துப் பார்த்தார். மூடினால் திறக்கக் கூடாது என்று பட்டறையில் படித்த மனிதர், அன்றைக்கு ஒன்றையுமே மூடவில்லை. சூடு ஏறுகிற அச்சை விசிறிக்குப் பக்கத்தில் தள்ளுவதும், ஆறினதைப் பின்னால் நகர்த்துவதுமாக, சாயங்காலம்வரை அந்த மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். தரை தேய்ந்துவிடப்போகிறது என்றார் மனைவி. நாலாவது அச்சு மட்டும் நாற்பத்தாறு வரைக்கும் போய், மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு விட்டது. அதற்கு ஒரு ஈரத்துணியைக் காலடியில் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த நாள் காலையில் பன்னிரண்டும் கை வைத்தால் தண்ணீர்க் குடம் போல் குளிர்ந்து கிடந்தன. இன்னும் முழுதாக இறுகவில்லை. உச்சியை முள்கரண்டியால் லேசாகக் கீறிவிட்டார், பூ பிடித்துக்கொள்வதற்கு. பூவுக்கான குழம்பைத் தனியாகப் பாலில்லாமல், தேனில்லாமல் கலக்கி, பிழிகிற பதம் வரும்வரை பொறுத்திருந்தார். பன்னிரண்டு ரோஜா. நாலாவது சோப்பில் மயிரிழை ஓடிய இடத்துக்கு ஒரு இலையும் வைத்தார். இரண்டு மணி நேரம் கழித்து விரல் வைத்தபோது எல்லாம் காலையில் இருந்த குளிரிலேயே இருந்தன. "நிக்குது" என்றார். அந்தம்மாள் நோட்டில் தேதியைக் குறித்தார். இருபத்தெட்டு நாள் சரியாக மிச்சம் இருந்தது.

அந்த இருபத்தெட்டு நாளும் வீட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. சோப்பு உலருகிற அலமாரியில் மூன்று மணிக்கு மேல் வெயில் ஒரு கோடாக விழும். அதற்காக மனிதர் வீட்டுக்குள்ளேயே ஒரு கறுப்புக் குடையை விரித்துக் கட்டிவிட்டார். வந்தவர்கள் எல்லாம் கூரையை அண்ணாந்து பார்த்து, எங்கே ஒழுகுகிறது என்று விசாரித்தார்கள். அவர் அவர்களுக்கும் சரி என்றுதான் சொன்னார். கடைசி நாள் காலையில் ஒரு சோப்பின் அடிப்பக்கத்தில் நாக்கு நுனியை வைத்துப் பார்த்து, காரம் சுரீர் என்று இழுக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார்.

வார்டில் பாதி கட்டில்களை அதற்குள் கழற்றிவிட்டிருந்தார்கள். ஊழியர்கள் உட்காருகிற அறையில், மூட்டைகளுக்கு நடுவே பதினோரு பேரும் வந்து சேர்ந்தார்கள். பெரிய சிஸ்டர், சின்ன சிஸ்டர்கள் நாலு பேர், நடை பழக்கிய இரண்டு பேர், தள்ளுநாற்காலி தள்ளுகிறவர், தரை துடைக்கிற அம்மாக்கள் இருவர். கடைசியாக டாக்டர், வழக்கம்போல அவசரமாக. அந்தம்மாள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, யார் தனக்கு என்ன செய்தார்கள் என்று அவர்களுக்கே மறந்துபோனதையெல்லாம் சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். போர்வை மாற்றினது, ஜன்னலைத் திறந்து வைத்தது, பொய்யாகவாவது நல்லா நடக்கிறீங்க என்று சொன்னது. அறையில் எல்லோருக்கும் மூக்கு சிவந்துவிட்டது.

டயர்க்காரர் ஒரு மாதமாக ஒரு வாக்கியத்தைப் பாடம் செய்து வைத்திருந்தார். மனைவிக்கும் அது தெரியும்; குளிக்கிற அறையிலிருந்து கேட்டிருக்கிறார். பெரிய சிஸ்டர் முன்னால் போய் நின்று, தொண்டையைக் கனைத்து, "சிஸ்டர், அன்னைக்கு வராந்தாவுல..." என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை.

சிஸ்டரே முந்திக்கொண்டார்.

"நாற்காலி போடட்டுமாய்யா?"

அழ ஆரம்பித்த மனிதர் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். அந்தம்மாள் முந்தானையை எடுத்து அவர் கையில் கொடுக்கிற மாதிரி நீட்டி, பிறகு தன் கண்ணையே துடைத்துக்கொண்டார்.

சிஸ்டர் தன் காகிதத்தைப் பிரித்தார். ரோஜாவைப் பார்த்ததும் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தங்கள் காகிதத்தைப் பிரித்தார்கள். இதைப் போய்க் கரைக்க யாருக்கு மனசு வரும் என்றார் தரை துடைக்கிற அம்மா ஒருவர். சின்ன சிஸ்டர் ஒருவர் அப்படியே திரும்பச் சுற்றிப் பைக்குள் பத்திரப்படுத்தினார். கண்ணாடி அலமாரியில்தான் வைக்கப்போகிறேன், தண்ணீர் காட்டவே மாட்டேன் என்றார் பெரிய சிஸ்டர். சொல்லும்போதே அவருடைய விரல் முட்டிகளில் காகிதம் உரசிய இடத்தில் ஒரு வெடிப்பு திறந்து, மெல்லிய சிவப்புக் கோடு தெரிந்தது. டயர்க்காரர் அதைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். மனைவி லேசாகத் தலையசைத்தார்.

பெட்டியில் பன்னிரண்டாவது சோப்பு மிச்சம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மூலையிலிருந்த தொட்டிக்குப் போனார். குழாயைத் திறந்தார். அந்தத் தட்டைக் கட்டைவிரலை ரோஜாவின் நடுவில் வைத்து, ஒரே அழுத்தாக அமுக்கி, இதழெல்லாம் நுரையாகும்வரை தேய்த்தார். தேய்த்துவிட்டு, வழவழவென்று மொட்டையாகிவிட்ட சோப்பை இரண்டு கையாலும் ஏந்தி சிஸ்டரிடம் நீட்டினார்.